தொண்ணூற்றைந்து

தாசன் சொல்கிறான்,
சூப்பர் மார்க்கட் பக்கத்துப் புதிய செட்டில்
தொண்ணூற்றைந்து அடித்தால்
ஆல்டோ நானுஓயா ஏற்றத்தில்
இரண்டாம் கியரைக் கேட்பதே இல்லையாம்.
பஸ் நிலையத்துக்குக் கீழே
பழைய செட்டின் தொண்ணூற்றிரண்டு என்றால்
ரதல்லை தாண்டுமுன்பே இருமுகிறதாம்.

நான் இருமலைக் கேட்டதில்லை.
பின் சீட்டில்
சில்லறை எண்ணிக்கொண்டு வருபவள் நான்.
கணக்குக் கொப்பியை எடுத்தேன்.

ஆறு வாரம் எழுதினேன்.
தலவாக்கலையிலிருந்து நுவரெலியா, திரும்பவும்.
எத்தனை லீட்டர், எத்தனை கிலோமீட்டர்,
எந்தச் செட், ஏறியவர் எத்தனை பேர்.
மழை என்றால் ஓரத்தில் ஒரு ‘ம’.
ஓரமெல்லாம் ‘ம’வாகத்தான் இருந்தது.

ஒரு நாள் லீட்டருக்குப் பதினாறு ஓடியது.
பார்த்தியா, பறக்குது என்றான்.
அன்றைக்கு ஏறியது ரம்ஸியா டீச்சர் மட்டும்,
மடியில் ஒரு கட்டு விடைத்தாள்.
இன்னொரு நாள் பதினொன்றுக்கு விழுந்தது.
நாலு பேர், மூன்று மூடை லீக்ஸ்,
கண்ணாடிக்கு முன்னால் சுவர்மாதிரிப் பனி.
அன்று தாங்கியில் இருந்தது
தொண்ணூற்றைந்துதான்.
அதை மட்டும் அவன் ஞாபகத்தில் காணோம்.

எல்லாம் கூட்டி வகுத்தேன்.
பழையது, பதினான்கு புள்ளி இரண்டு.
புதியது, பதினான்கு புள்ளி நான்கு.
லீட்டருக்கு இருநூறு மீட்டர் வித்தியாசம்.
எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவிலிருந்து
கொழுந்து மடுவத்துக்கு உள்ள தூரம்.
அதை நான் தினமும்
பெட்ரோல் இல்லாமல் நடக்கிறேன்.

பியதிஸ்ஸ பாஸ் பொனட்டைத் திறந்தார்.
எயார் ஃபில்டரைத் தட்டினார்.
தூசி, ஒரு தேயிலைச் சருகு,
செத்துக் காய்ந்த விட்டில் ஒன்று.
டயரைக் காலால் உதைத்துப் பார்த்து
“இதில் காற்றும் இல்லையே நோனா” என்றார்.
“இது பழைய எஞ்சின்.
தொண்ணூற்றிரண்டு போதும் என்று
புத்தகத்திலேயே இருக்கிறது.
காருக்குப் போர்டு வாசிக்கத் தெரியாது.”

தாசனுக்குத் தெரியும். அதுதான் விஷயம்.

அந்த ஆனி மாதம் நினைவு வந்தது.
மூன்று இரவு இந்த ஆல்டோவுக்குள் படுத்தோம்,
பாலத்திலிருந்து செட் வரைக்கும் வரிசை.
வரிசை நகரும்போது
ஸ்டார்ட் பண்ணாமல் கையால் தள்ளினோம்,
இருப்பதும் தீர்ந்துவிடுமோ என்று.
முன் லொறிக்காரன் கொடுத்த பிஸ்கட்டில்
டீசல் மணத்தது, தின்றோம்.
நாலாம் நாள் விடிய பவுசர் வந்தது.
எல்லாரும் இறங்கி நின்றோம்,
தேர் திரும்பும் சந்தியில் நிற்பதுபோல.
ஒருத்தரும் கேட்கவில்லை
தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா என்று.
எந்த ஊர்ப் பெட்ரோல், எந்தக் கப்பல் என்றும்.
அளந்து ஊற்றினார்கள்.
குழாயை எடுத்த பிறகும் தாசன்
மூடியைத் திருகாமல் நின்றான்,
சத்தம் இன்னும் உள்ளே விழுகிறதா என்று.

இப்போது புதிய செட்டில்
வெள்ளை வெளிச்சம்.
நீலத் தொப்பிப் பையன் ஓடி வருகிறான்.
கண்ணாடியைத் துடைக்கிறான்.
“சேர், எது?” என்று கேட்கிறான்.
எது என்று.
தாசன் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு,
யோசிக்க எதுவுமில்லை என்று எனக்குத் தெரியும்,
விரலால் காட்டுகிறான்.

ராத்திரி கொப்பியை முன்னால் வைத்தேன்.
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தேன்,
இருநூறு மீட்டர், ஆறு வாரத்து வேலை.
கண்ணாடி போட்டு வாசித்தான்.
“பார்த்தியா” என்றான்,
“கூடத்தானே!”

காலையில் டயருக்குக் காற்றடிக்கப் போனோம்,
பழைய செட்டுக்கு.
அங்கேதான் இலவசம்.